கேள்வி – பதில்: லிங்கன் வீட்டுக்குத் தைத்த எலிசபெத் கெக்லி

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, தையல் கூலியை நம்பித் தன்னையும் தன் மகனையும் விலை கொடுத்து வாங்கிய எலிசபெத் கெக்லி என்ற தேவபக்தியுள்ள அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுப் போனேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த வாரப் பக்கத்துக்குப் போதும் போலிருக்கிறது. சினிமா, அரசியல் கேள்விக்காரர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலை கொடுத்து வாங்கினார் என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். யாரிடமிருந்து, எவ்வளவுக்கு?
— வாசகர், தேனி

தன் சொந்த சகோதரியின் குடும்பத்திடமிருந்து. 1,200 டாலருக்கு.

கெக்லி பிறந்தது 1818, வர்ஜீனியா மாநிலம், டின்விடி பகுதி. அம்மா ஆக்னஸ் அடிமை. அந்தப் பெரிய வீட்டில் எல்லோருக்கும் துணி தைப்பது அவர் வேலை. அப்பா யார் என்றால், அந்த வீட்டு எஜமானர் ஆர்மிஸ்டெட் பர்வெல். பிள்ளை தாயின் நிலையைத்தான் அடையும் என்பது அங்கே சட்டம். ஆகவே எஜமானரின் ரத்தமாகப் பிறந்தும் அடிமைதான். எஜமானரின் முறைப்படியான பிள்ளைகள் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனபோது, சீர்வரிசைப் பாத்திரம் போல இவரும் ஒவ்வொரு வீடாகக் கைமாறிப் போயிருக்கிறார்.

நான்கு வயதில் முதல் வேலை கொடுத்தார்கள். கைக்குழந்தைக்குத் தொட்டில் ஆட்ட வேண்டும். வேகமாக ஆட்டியதில் குழந்தை கீழே விழுந்துவிட்டது. எப்படித் தூக்குவது என்று தெரியாமல், கணப்பு அடுப்பில் நெருப்பு அள்ளுகிற கரண்டியை எடுத்து வந்து குழந்தையை அதால் அள்ளப் பார்த்திருக்கிறார். நான்கு வயதுப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? அதற்குச் சவுக்கடி விழுந்தது.

பின்னாளில் அந்த வீட்டுப் பெண், அதாவது கெக்லிக்குச் சகோதரியான ஆன், அவர் கணவர் கார்லண்ட் என்கிற வக்கீல், இவர்களோடு மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். வக்கீலுக்கு வழக்கே இல்லை. தபால் நிலையத்தில் அவர் பெயருக்கு வந்து கிடந்த ஒரு கடிதத்தைக் கட்டணம் கொடுத்து எடுக்கக்கூட முடியாத அளவுக்கு வறுமை. சரி, ஆக்னஸ் கிழவியை வெளியே வேலைக்கு அனுப்பிச் சம்பளத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. வயதான அம்மா யார் யார் வீட்டிலோ போய்ச் சாகணுமா என்று மகளுக்குப் பொறுக்கவில்லை. நான் தைத்துச் சம்பாதித்துத் தருகிறேன் என்று ஊசியை எடுத்தார். 2 வருடம் 5 மாதம், எஜமானர் குடும்பத்தையும் சேர்த்து 17 பேர் சாப்பிட்டது இந்த ஒரு பெண் தைத்த காசில்தான் என்று அவரே 1868இல் எழுதிய தன்வரலாற்றில் சொல்கிறார்.

இத்தனைக்கும் பிறகுதான் வக்கீல் 1,200 டாலர் விலை சொன்னார். அவர் செத்தும் போனார், விலை மட்டும் சாகவில்லை. நியூயார்க் போய்த் தர்மம் கேட்டாவது பணம் திரட்டலாம் என்று கெக்லி புறப்பட்டபோது, திரும்பி வருவாள் என்று 6 கனவான்கள் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார்கள். 5 பேர் கிடைத்துவிட்டார்கள். 6ஆவது ஆள், “நீ திரும்பி வருவாய் என்று நீ நினைக்கிறாய், ஆனால் வரமாட்டாய்” என்கிற தொனியில் ஏதோ சொல்ல, ரோஷத்தில் அந்தக் கையெழுத்தே வேண்டாம் என்று வந்துவிட்டார். ரோஷத்துக்கு விலை உண்டு, மனம் நொறுங்கித்தான் வீடு திரும்பினார். கடைசியில் லெ பூர்ஷ்வா என்ற ஒரு வாடிக்கையாளர் அம்மா, நீ போய்ப் பிச்சை எடுப்பதாவது என்று தன் தோழிகளிடம் வசூல் செய்து கொடுத்தார். அதையும் கெக்லி தானமாக வாங்கவில்லை. கடன் என்று சொல்லித்தான் வாங்கினார். 1855 நவம்பர் 13ஆம் தேதி விடுதலைப் பத்திரம் ஆயிற்று. அப்புறமும் அதே ஊரில் உட்கார்ந்து தைத்து, மொத்தக் கடனையும் அடைத்துவிட்டுத்தான் 1860இல் ஊரைவிட்டுக் கிளம்பினார்.

மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடிமை முறை இல்லாத இலினாய் மாநிலம். ஓடியிருக்கலாமே?
— கல்லூரி மாணவர், திருச்சி

பூகோளம் நன்றாகப் படித்திருக்கிறீர்கள். அதே யோசனையை அவருடைய எஜமானரான அந்த வக்கீலே சொன்னார். விடுதலை, விடுதலை என்று நச்சரிக்கிறாளே என்ற எரிச்சலில் ஒரு கால் டாலர் வெள்ளிக் காசை எடுத்து நீட்டி, இந்தா, உனக்கும் உன் பையனுக்கும் படகுக் கூலி, போய்க்கொள் என்றார். கெக்லி வாங்கவில்லை. படகேற எனக்கும் தெரியும், நாட்டின் சட்டப்படி நான் உங்கள் அடிமை, அந்தச் சட்டம் எந்த வழியில் விடுதலை தருகிறதோ அந்த வழியில்தான் போவேன் என்று சொல்லிவிட்டார்.

இதைப் படித்துவிட்டு, அடிமைச் சட்டத்துக்கெல்லாம் மரியாதையா என்று கொதிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் மரியாதை தெரியவில்லை, கணக்குத்தான் தெரிகிறது. 1850இல் வந்த சட்டப்படி, ஓடிப்போன அடிமையை வட மாநிலத்துக்குள் புகுந்தும் பிடித்து வரலாம். மகனோடு ஓடினால் வாழ்நாள் முழுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்திரம் கையில் இருந்தால் வேண்டாம். வாடிக்கையாளர்களை, பெயரை, ஊரை விட்டுவிட்டு இருட்டில் ஓட ஒரு நல்ல டெய்லருக்கு மனசு வருமா என்பது வேறு.

நானும் டெய்லர்தான். அந்தக் காலத்தில் மெஷின் உண்டா? லிங்கன் மனைவி எப்படி இவரைக் கண்டுபிடித்தார்?
— வாசகி, ஈரோடு

மெஷின் வந்துவிட்டது. எலயாஸ் ஹவ் 1846இலும் சிங்கர் 1851இலும் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, நீளத் தையலை ஓட்டத்தான் மெஷின் உதவும், துணி உடம்பில் உட்காருவதற்கு உதவாது. அன்றைய சீமாட்டிகளின் உடுப்பு இடுப்புக்குக் கீழே கெஜக்கணக்கில் விரியும். இடுப்புக்கு மேலே ஒரு சுருக்கம் இல்லாமல் உடம்பைப் பிடித்து நிற்க வேண்டும். ஆளை நிற்கவைத்துக் குண்டூசி குத்தி, பிரித்து, மறுபடி டக் பிடித்து, தோள்பட்டையில் இழுக்கிறதா, கைக்குழியில் தூக்குகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை. கெக்லிக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்த ஃபிட்டிங்தான்.

செயின்ட் லூயிஸை விட்டுப் பால்டிமோர் வந்து, கறுப்பினப் பெண்களுக்குக் கட்டிங் சொல்லிக் கொடுக்கலாம் என்று வகுப்பு ஆரம்பித்தார். தேறவில்லை. ஆறு வாரத்தில் கடையைக் கட்டிக்கொண்டு, ரயில் டிக்கெட்டுக்கு மட்டும் மிஞ்சிய காசோடு வாஷிங்டன் வந்தார். அங்கே நாள் கூலி இரண்டரை டாலர். அந்தக் கூலியில் கணக்குப் போட்டால் 1,200 டாலர் என்பது, ஒரு காசு செலவழிக்காமல் உழைத்த 480 நாள். அதுமட்டுமில்லை, விடுதலையான கறுப்பினத்தவர் தலைநகரில் 10 நாளுக்கு மேல் தங்க லைசென்ஸ் வேண்டும், அதற்கும் ஒரு வாடிக்கையாளர் அம்மாவைத்தான் மேயரிடம் கூட்டிப் போக வேண்டியிருந்தது.

தெற்கு மாநிலங்களின் பிரிவினை அரசுக்குப் பிற்பாடு அதிபரான ஜெபர்சன் டேவிஸின் மனைவி அவருக்கு வாடிக்கையாளர். எங்களோடு தெற்கே வந்துவிடு என்று கூப்பிட்டும் பார்த்தார். கெக்லி யோசித்துப் பார்த்துவிட்டு, போர் வந்தால் வடக்குதான் ஜெயிக்கும் என்று தங்கிவிட்டார். மெக்ளீன் என்ற இன்னொரு அம்மா, வரும் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு எனக்கு உடுப்பு வேண்டும் என்று அவசர ஆர்டர் கொண்டு வந்தார். முடியாது என்று கெக்லி கையை விரிக்க, தைத்துக் கொடு, வெள்ளை மாளிகைக்கு உன்னைச் சிபாரிசு செய்கிறேன் என்றார் அவர். தீபாவளிக்கு முந்தின நாள் ஆர்டரை எதற்காக ஒத்துக்கொள்வோமோ அதற்காகத்தான் இவரும் ஒத்துக்கொண்டார். வாக்குத் தவறாமல் சிபாரிசும் நடந்தது. லிங்கன் பதவியேற்ற மறுநாள், 1861 மார்ச் 5, நேர்முகத்துக்குப் போனால் ஏற்கெனவே வேறு தையற்காரப் பெண்களும் காத்திருக்கிறார்கள். வேலை இவருக்குக் கிடைத்தது.

கூலியைப் பற்றி மேரி லிங்கன் முதலில் சொன்னது என்ன தெரியுமா? நாங்கள் ஏழைகள், கட்டுப்படியாகிற மாதிரி சொல்லு. அதிபர் வீட்டிலும் இதே பேரம்தான். முதல் உடுப்பு ரோஜா நிறப் பட்டு. விருந்து நாளன்று தாமதமாகக் கொண்டு போக, அம்மாள் நான் கீழே இறங்கியே வர மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். கெக்லி சமாதானப்படுத்தி உடுத்திவிட்டார். லிங்கன் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்ல, அதோடு கோபம் போயிற்று. அந்த வசந்தமும் கோடை தொடக்கமும் முடிவதற்குள் 15, 16 உடுப்பு தைத்தாயிற்று.

ஒரு துணுக்கு. போர் முடிந்து 1865இல் சிகாகோ தர்மக் கண்காட்சிக்குப் போனார் கெக்லி. பெண் உடை போட்டுத் தப்பிக்கப் பார்த்தபோது பிடிபட்டார் என்று பேசப்பட்ட ஜெபர்சன் டேவிஸின் மெழுகுச் சிலை அங்கே இருந்தது, பெண் உடையோடு. கூட்டம் முண்டியடித்தது. கெக்லி கிட்டே போய் உடுப்பைப் பார்த்தார். அவரே டேவிஸ் மனைவிக்குத் தைத்துக் கொடுத்தது! தன் தையல் தனக்குத் தெரியாமல் போகுமா?

அவர் தேவபக்தி உள்ளவர் என்றும் எழுதியிருந்தீர்கள். அவரை அடித்தவர்களும் கிறிஸ்தவர்கள்தானே? பிறகும் எப்படிச் சபைக்குப் போனார்?
— வாசகர், மார்த்தாண்டம்

நியாயமான கேள்வி, கொஞ்சம் கசப்பான கேள்வியும்கூட. வட கரோலினாவில் ஹில்ஸ்பரோ என்ற ஊரில் அவர் வேலை செய்தது ராபர்ட் பர்வெல் என்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர் வீட்டில். எஜமானரின் மகன், அதாவது கெக்லிக்கு அண்ணன் முறை. போதகரின் மனைவிக்கு இவர் நிமிர்ந்து நடப்பது பிடிக்கவில்லை. அதை அடக்குகிற பொறுப்பு பிங்கம் என்கிற உள்ளூர் வாத்தியாரிடம் போயிற்று. அவரும் அதே சபையின் அங்கத்தினர். அடிப்பதற்காகச் சட்டையைக் கழற்று என்றார். முடியாது என்றார் 18 வயதுப் பெண். கையைக் கட்டி அடித்தார்கள். அடுத்தடுத்த வாரங்களிலும் நடந்தது. ஒவ்வொரு தடவையும் கெக்லி மல்லுக்கு நின்றார், ஒரு தடவை வாத்தியாரின் விரலைக் கடித்தும்விட்டார். கடைசியில் அந்த மனிதரே அழுது, இனி அடிப்பது பாவம் என்று மன்னிப்புக் கேட்டார். அப்புறம் போதகர் தன் பங்குக்கு ஒரு விளக்குமாற்றுக் கட்டையோடு வந்தார். அவரும் ஒரு நாள் நிறுத்தினார். ஊர் முழுக்க இந்த அடி பேச்சாகிப் போயிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இருவருடைய மனமாற்றத்துக்கும் நான் முழு மார்க் போடமாட்டேன்.

இதே பெண் வாஷிங்டனில் எந்தச் சபையில் சேர்ந்தார் என்றால், பதினைந்தாம் தெரு பிரெஸ்பிட்டேரியன் சபை. அதே பிரிவுதான், ஆனால் 1841இல் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று தொடங்கிய சபை. அடித்தவருடைய கோயில் வேறு, தன் கோயில் வேறு என்று அவர் மனசில் தெளிவு இருந்திருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அவர் இதற்கெல்லாம் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. செய்ததைப் பாருங்கள். 1862 கோடையில் ஒரு மாலை நடந்து போகும்போது, காயம்பட்ட போர்வீரர்களுக்காக வெள்ளையர்கள் விளக்குப் போட்டு, பேண்டு வைத்து நிதி திரட்டுவதைப் பார்த்தார். தெற்கிலிருந்து தப்பி வந்து தலைநகரத்தின் கூடாரங்களில் நோயும் பசியுமாகக் கிடக்கிற நம் ஜனங்களுக்கு நாம் இதைச் செய்தால் என்ன என்று தோன்றியது. வந்த ஞாயிற்றுக்கிழமை கறுப்பின மக்களின் சபை ஒன்றில் எழுந்து சொன்னார். இரண்டே வாரத்தில் 40 பேரோடு சங்கம் தொடங்கியாயிற்று. மேரி லிங்கன் 200 டாலர். அடிமை ஒழிப்புக்காகப் பேசிவந்த கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளஸ் 200 டாலர், கூடவே சொற்பொழிவு. நியூயார்க்கில் ஒரு ஓட்டலின் கறுப்பினப் பரிமாறுகிறவர்கள்கூட வசூல் செய்து கொடுத்தார்கள்.

நம் ஊர்ச் சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கம் பார்த்தவர்களுக்கு இது ரொம்பத் தெரிந்த காட்சி. ஒரு அம்மா எழுந்து நிற்பார், அடுத்த வாரம் பணம் வந்திருக்கும்.

அந்த மகன் என்ன ஆனான்?
— வாசகி, மதுரை

ஹில்ஸ்பரோவில் ஒரு வெள்ளைக்காரர் கெக்லியை நான்கு வருடம் துன்புறுத்தியதில் பிறந்த பிள்ளை ஜார்ஜ். அதைப் பற்றி அவர் புத்தகத்தில் சில வரிகளோடு நிறுத்திக்கொள்கிறார், நானும் நிறுத்திக்கொள்கிறேன். விடுதலையான பிறகு மகனை ஒஹாயோவில் உள்ள வில்பர்போர்ஸ் என்ற கறுப்பினத்தவர் கல்லூரிக்குப் படிக்க அனுப்பினார். 1861இல் போர் வந்ததும் பையன் படிப்பை விட்டுப் படையில் சேர்ந்துவிட்டான். அப்போது கறுப்பினத்தவரைப் படையில் சேர்ப்பதில்லை. தோல் வெளுப்பாக இருந்ததால் வெள்ளையன் என்று பதிந்துகொண்டான். ஆகஸ்ட் 10, மிசூரியில் வில்சன்ஸ் கிரீக் சண்டையில் இறந்தான். எந்த மாநிலத்தில் அம்மா விலை கொடுத்து மீட்டாரோ அதே மாநிலம்.

அடுத்த பிப்ரவரியில் லிங்கனின் மகன் வில்லி, 11 வயது, காய்ச்சலில் இறந்தான். குளிப்பாட்டி உடுத்திவிட்டவர்களில் கெக்லியும் ஒருவர். அந்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டு வரும்போதுதான், இதற்கு முன்பே நான் என் மகனை இழந்திருந்தேன் என்று போகிறபோக்கில் சொல்கிறார். மேரி லிங்கனின் பட்டுக்கும் லேஸுக்கும் பக்கம் பக்கமாக இடம் இருக்கிற புத்தகத்தில் ஜார்ஜின் மரணத்துக்கு ஒரு சில வரிதான். பின்னாளில் மகனுக்காக மாதம் 8 டாலர் பென்ஷன் வந்தது.

வேலை செய்த வீட்டு ரகசியத்தைப் புத்தகமாகப் போடுவது துரோகம் இல்லையா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

அன்றும் ஊரே இதைத்தான் கேட்டது. நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது. கணவர் கொலையான பிறகு மேரி லிங்கனுக்குக் கடைகளில் ஏகப்பட்ட கடன். 1867இல் நியூயார்க் போய்ப் பழைய உடுப்புகளை விற்கலாம் என்று கெக்லியைக் கூப்பிட்டார். இவரும் தன் தையல் கடையை விட்டுவிட்டுப் போனார். ஓட்டலில் கறுப்பினப் பெண்ணுக்கு நல்ல அறை கிடையாது என்றார்கள், கடைசி மாடியில் ஒரு மூலை அறைதான். மேரியும் அவரோடு மேலே ஏறிப்போய்ப் படுத்தார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சாப்பாட்டு அறையிலும் கெக்லிக்கு இடமில்லை. உடுப்பு விற்கவில்லை, பத்திரிகைகள் கிழித்தன, மேரி ஊருக்குப் போய்விட்டார். கெக்லி நியூயார்க்கிலேயே தங்கி மிச்ச வேலையைப் பார்த்தார். சம்பளம் வரவில்லை, கூலிக்குத் தைத்துச் சாப்பிட்டார்.

1868இல் புத்தகம் வந்தது. மேரியின் பெயரைக் காப்பாற்றவும் தன் பெயரைக் காப்பாற்றவும் எழுதினேன் என்றார். ஆனால் பின்னிணைப்பில் மேரியின் சொந்தக் கடிதங்கள் அச்சாகியிருந்தன, அது தப்பு, யார் சேர்த்திருந்தாலும் தப்பு. மேரி அதற்குப் பிறகு அவரை ‘அந்தக் கறுப்பு வரலாற்றாசிரியை’ என்று குத்தலாகக் குறிப்பிட்டார். உறவு அதோடு அறுந்தது. வெள்ளைக்கார வாடிக்கையாளர்களும் குறைந்தார்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், எஜமானியம்மா வீட்டு வேலைக்காரியைப் பற்றி எழுதினால் நினைவலைகள், வேலைக்காரி எழுதினால் துரோகம் என்கிற நியாயம் எனக்கு ஒத்துவரவில்லை ஐயா.

கடைசிக் காலம் எப்படி? பிள்ளையும் இல்லை, பேரும் கெட்டுவிட்டது.
— வாசகி, புதுச்சேரி

பேர் கெட்டது ஒரு பக்கத்தில்தான். 1892இல், 70ஐத் தாண்டிய வயதில், வில்பர்போர்ஸ் கல்லூரியில் தையல் துறைக்குத் தலைமை ஏற்கக் கூப்பிட்டார்கள். மகன் படித்த அதே கல்லூரி. லிங்கன் சுடப்பட்ட அதே இரவில் அந்தக் கல்லூரி தீப்பிடித்து எரிந்திருந்தது. அதைத் திரும்பக் கட்ட நிதி சேர்ப்பதற்காக, அந்த இரவில் மேரி அணிந்திருந்த மேலங்கி உள்பட, தன்னிடம் இருந்த லிங்கன் நினைவுப் பொருள்களைக் கல்லூரிக்கே முன்பே கொடுத்திருந்தார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் மாணவிகளின் தையலைக் காட்சிக்கு வைத்தார். அப்புறம் உடம்பு முடியாமல் வாஷிங்டன் திரும்பி, ஆதரவற்ற கறுப்பினப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான இல்லத்தில் தங்கி, 1907 மே மாதம் 89ஆவது வயதில் காலமானார். கடைசிவரை அந்தப் பதினைந்தாம் தெருச் சபைதான். அடக்க ஆராதனையை நடத்தியவரும் அந்தச் சபைப் போதகர் பிரான்சிஸ் கிரிம்கே. அவரும் அடிமையாகப் பிறந்தவர்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். 1935இல் ஒரு பத்திரிகையாளர், அந்தப் புத்தகத்தை எழுதியது ஒரு வெள்ளைக்காரப் பெண், எலிசபெத் கெக்லி என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று சொன்னதாகச் செய்தி வந்தது. இறந்து 28 வருடம்தான் ஆகியிருக்கிறது! யார் பதில் சொன்னார்கள்? வயதாகி ஓய்வில் இருந்த கிரிம்கே, அவரை எனக்குத் தெரியும், என் சபை அங்கத்தினர், அடக்கம் பண்ணியவன் நான் என்று எழுதினார். ஜான் வாஷிங்டன் என்கிற ஒரு கறுப்பினப் பல் மருத்துவர், வீடு வீடாகப் போய், கெக்லியைத் தெரிந்த வயசாளிகளிடம் பேசி எழுதிச் சேர்த்தார்; அது 1942இல் அவர் போட்ட புத்தகத்தில் இடம்பெற்றது. வெள்ளை மாளிகைப் பழக்கம் அவருக்குச் சாட்சி சொல்ல வரவில்லை, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் வந்தார்கள். கல்லறையும் பாடுபட்டது. 1960இல் அந்தக் கல்லறைத் தோட்டத்தையே மேரிலாந்துக்கு மாற்றினார்கள்; பழைய இடத்தில் இன்றைக்கு மெட்ரோ ரயில் நிலையம். 2010இல்தான் அவர் பெயரோடு புதுக் கல் வைத்தார்கள். மேரிக்கு அவர் தைத்ததாகச் சொல்லப்படும் ஊதா வெல்வெட் உடுப்பு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என் அம்மா 91 வயதில் காலமானார். திண்ணையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தே எங்கள் நாலு பேரையும் படிக்கவைத்தார். ஞாயிறு ஆராதனையும் புதன் ஜெபக்கூட்டமும் தவறியதில்லை. நினைவு மலர் போட வேண்டும், உட்கார்ந்தால் ‘ஜெபிப்பார், தைப்பார்’ என்பதற்கு மேல் எழுத வரவில்லை. வசனம் மட்டும் போட்டால் போதும் என்கிறார் அண்ணன். அம்மாவின் கணக்கு நோட்டு கிடைத்திருக்கிறது, கூலி பாக்கி வைத்தவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது, அதைப் போடலாமா?
— வாசகி, திருநெல்வேலி

அண்ணன் சொல்கிற வசனத்தையும் போடுங்கள். எந்த வசனம் என்று அவருக்கு யோசனை இருந்தால், அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொல்லுங்கள். யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது பேதுரு வந்து பார்க்கிறார். விதவைகள் அழுதுகொண்டு நிற்கிறார்கள். நல்லவள், பொறுமைசாலி என்றெல்லாம் அவர்கள் ஆரம்பிக்கவில்லை, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டுகிறார்கள். நினைவு மலர் எப்படி இருக்க வேண்டும் என்று இதைவிட யார் சொல்லித்தர முடியும்?

நீங்கள் தனியாக உட்கார்ந்து எழுதப் பார்க்கிறீர்கள், அதனால்தான் வரவில்லை. பிள்ளைகளுக்கு அம்மாவின் முதுகுதான் தெரியும், மெஷினில் குனிந்த முதுகு. முகத்தைப் பார்த்துப் பேசியவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர்கள். அவர்களைத் தேடிப் போங்கள், 70, 80 வயதில் இருப்பார்கள், தள்ளிப்போடாதீர்கள். ஜான் வாஷிங்டன் செய்ததும் இதுதான். பொதுவாக ‘அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் தங்கமானவங்க என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கல்யாண ஜாக்கெட் யார் தைத்தது, துணி பத்தாமல் போனபோது அம்மா என்ன பண்ணினார், முந்தானையில் வெட்டினாரா, கைக்கு ஒட்டுப் போட்டாரா, பிள்ளை பெற்ற பிறகு பிரித்துவிட உள்ளே எவ்வளவு துணி விட்டிருந்தார், கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி எத்தனை மணிக்குத் துணி வாங்கப் போனீர்கள் என்று கேளுங்கள். அளவெடுக்கும்போது அம்மா காதில் என்ன சொன்னார் என்றும் கேளுங்கள். அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டே எத்தனை புருஷன்-பெண்டாட்டிச் சண்டையைத் தீர்த்திருப்பார், யாருக்குத் தெரியும்.

சபையிலும் விசாரியுங்கள். காணிக்கைப் பை, பீடத்துணி, பாடகர் குழு அங்கி, ஞானஸ்நானக் குழந்தைக்கு வெள்ளைச் சட்டை, இதில் அம்மா கை வைத்தது எவை, இன்னும் புழக்கத்தில் இருப்பது எது. இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள். ஐயரம்மாவிடம், அதாவது போதகர் மனைவியிடம், கேட்டால் காசு வாங்காமல் யார் யாருக்குத் தைத்தார் என்கிற பட்டியல்கூடக் கிடைக்கும், அம்மா வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்.

கணக்கு நோட்டு பெரிய சொத்து. ஒரு பக்கத்தை அப்படியே, அம்மா கையெழுத்தோடு, அச்சிடுங்கள். எந்த வருடம் ஜாக்கெட் கூலி என்ன, லைனிங் வைத்தால் எவ்வளவு, கொக்கிக்குத் தனியா என்று ஒரு பத்தி எழுதினால் உங்கள் ஊர்ச் சரித்திரமே வந்துவிடும். ஆனால் பாக்கிக்காரர்கள் பெயர் வேண்டாம். அம்மா ஆயுசு முழுக்க வாய்விட்டுக் கேட்காததை நீங்கள் அச்சில் கேட்டால் நன்றாக இருக்காது. மொத்தத்தைக் கூட்டி, ‘ஊர் தர வேண்டியது இவ்வளவு’ என்று தொகையை மட்டும் ஒரு வரி போடுங்கள். நினைவு ஸ்தோத்திர ஆராதனை அன்று, பெயர் எழுதாத கவர் நாலைந்து காணிக்கைப் பையில் விழுந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.